எண்பது மில்லி கெண்டி

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

போனில் என் குரலைக் கேட்டாலே உனக்கு ரத்தம் கொதிக்கிறது என்று சொன்னாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தையும் கிழித்துப் போடலாம்தான். ஆனால் நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் சின்னது. மார்ச் எட்டாம் தேதி இங்கே தேநீர் ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பதினேழு வருடமாகத் தேநீர்க்கடை நடத்துகிறவன் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடிக்கப் பழகப் பழகக் கெண்டியும் கோப்பையும் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகின்றன என்பதுதான் பேச்சு. நீளமான மேசை ஒன்றில் என் பதினேழு வருடக் கெண்டிகளையும் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக வைக்கப்போகிறேன்.

ஆரம்பத்தில் நான் வாங்கியது ஒன்றரை லிட்டர் பீங்கான் கெண்டி. குடிக்கத் தெரியாதவன் அளவைத்தான் பார்ப்பான். பெரிய மக்கில் நிரப்பி வைத்து, பாதி குடிப்பதற்குள் ஆறிப்போய், கெண்டியில் மிச்சமிருப்பது இலையோடு ஊறிக் கசந்து கிடக்கும். அதையும் தேநீர் என்று குடித்தேன். பிறகு எழுநூறு மில்லி. பிறகு முந்நூறு. அப்புறம்தான் புத்தி வந்தது. இலையைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, பத்து நொடியில் வடித்துவிட வேண்டும். அதே இலையில் எட்டுத் தடவை ஊற்றலாம், எட்டும் எட்டு ருசி. இப்போது எனக்கு எண்பது மில்லி கெண்டியும், மூன்று மடக்கில் தீரும் கோப்பையும் போதும். அதற்கு மேல் போனால் அது தாகம், ரசனை இல்லை.

அளவு இறங்கிய ஒவ்வொரு தடவையும் பழையதை வீணாக்காமல் உங்களுக்குத்தான் அனுப்பினேன். அவை மூன்றும் எனக்கு வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, ஆறு வருடம் முன்பு வந்தபோது நான் அங்கே விட்டுவிட்டுப் போன அந்தச் சிவப்புக் களிமண் கெண்டி. எண்பது மில்லியில் நான் வாங்கிய முதல் கெண்டி அது. அது இல்லாமல் வரிசை முடியாது. பஞ்சு சுற்றி, தனிப் பெட்டியில் வைத்து அனுப்பு.

அப்பா எப்படி இருக்கிறார்?

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

நீ கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்பா இருக்கிறார்.

உன் கெண்டிகளைப் பற்றிச் சொல்கிறேன், எழுதிக்கொள். ஒன்றரை லிட்டருக்குக் கைப்பிடி போய்விட்டது. அதில் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். எழுநூறு மில்லியில் அப்பாவின் பல்செட் ஊறுகிறது. முந்நூறுக்கு மூடி இல்லை, துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். உன் மேசைக்கு வேண்டுமென்றால் மூன்றையும் கழுவி அனுப்புகிறேன். பல்செட்டுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்வோம்.

சின்னக் கெண்டி வராது.

அளவு குறைந்த கதையை நீ மேடையில் சொல்லப்போகிறாய். என்னிடமும் ஒன்று இருக்கிறது. லேத் பட்டறையில் அப்பா அரை லிட்டர் எவர்சில்வர் மக்கில் டீ குடித்தவர். பக்கவாதம் வந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், அதே மக்கில்தான் கேட்டார். முதல் வாயிலேயே இருமி, கண் செருகி, முகம் நீலமாகிவிட்டது. பிறகு அரை டம்ளர் கொடுத்தேன். அதிலும் இருமல். பிறகு காப்பி கப். பிறகு ஸ்பூன். ஸ்பூனைத் தட்டிவிட்டார். "நான் என்ன கைக்குழந்தையா?" என்றார். வாய் கோணியிருந்தாலும் அது தெளிவாக வந்தது.

விழுங்கப் பழக்கும் டாக்டரம்மா சொன்னார்: "ஒரு வாய்க்கு அஞ்சு மில்லிக்கு மேல போகக்கூடாதும்மா. டீயில இந்தப் பவுடரைப் போட்டு கெட்டியாக்குங்க. தாடையைக் கீழே இறக்கச் சொல்லுங்க. முழுங்கினாரான்னு பார்த்துட்டு அடுத்த வாய். அவசரப்பட்டா டீ நுரையீரலுக்குப் போயிடும்."

வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அலமாரியின் பின்னால் உன் கெண்டி இருந்தது. அதன் மூக்கை உதட்டின் இடது ஓரத்தில் வைத்தேன். வாயைத் திறந்தார். கெண்டி தீரும்வரை ஒரு இருமல் இல்லை. பத்தொன்பது நாளில் அன்றுதான் அவர் ஒரு டீயை முழுசாகக் குடித்தார்.

இரண்டு வருடமாக அதில்தான் குடிக்கிறார். காலையில் நான் கொடுக்கிறேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் எனக்குப் பத்திலிருந்து ஏழு வரை இஸ்திரி வேலை. நாலு மணி டீயை, பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா கொடுக்கிறாள். ஏழரைக்கு மறுபடியும் நான். பாலும் சர்க்கரையும் பவுடரும் போட்டு. இலையெல்லாம் நீயே வைத்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

பாலா? அதற்குள் பாலா? உன் கடிதத்தை அந்த வரியில் மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

அது மெருகு பூசாத களிமண். உள்ளே ஊற்றுவதை எல்லாம் குடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கெண்டிக்கு ஒரே வகை இலை என்று வைத்திருக்கிறோம். அதில் பாலையும் சர்க்கரையையும் மாவுப் பவுடரையும் ஊற்றியிருக்கிறாய், இரண்டு வருடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நல்ல பொருள் ஒன்று உன் கைக்கு வந்தால் அது என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அங்கே விட்டுவிட்டு வந்தது என் தப்பு.

நோயாளிக்குக் கொடுக்கும் மூக்குக் கப் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பிளாஸ்டிக், கொதிக்க வைக்கலாம், உடையாது. இரண்டு வாங்கி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

எந்த அன்றைக்கு என்று நீ கேட்பாய். என் மாமனார் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் நாற்பது நிமிடம் நின்று தேநீர் வடித்து வைத்தேன். அப்பா வந்தார். ஆறு கோப்பையையும் தன் டம்ளரில் கவிழ்த்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வாய் கொப்பளிக்கக்கூட காணலையேடா பெரியவனே. பொம்மைக் கடை வெச்சிருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகம் சிரித்தாய். அன்று சாயங்காலமே கிளம்பினேன். கெண்டியை எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசற்படி மிதிக்கவில்லை.

அவர் கேலி செய்த கெண்டியில்தான் இப்போது குடிக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அனுப்பிவிடு.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

உன் பிளாஸ்டிக் கப் வந்தது. மூன்று நாள் முயற்சி செய்தோம். மூக்கைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறார், இல்லையென்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "என்னப்பா, இதுவும் அதே மாதிரிதானே?" என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கெண்டியைக் காட்டினால் திறக்கிறார். காரணம் எனக்குத் தெரியாது. கையில் அடங்குகிற அளவு, அதன் சூடு, ஏதோ ஒன்று. நானும் இரண்டு வருடத்தில் அளவு பார்க்கக் கற்றுக்கொண்டவள்தான்.

நீ மேடையில் சொல்லாமல் விடப்போவதை நான் சொல்கிறேன். ஒன்றரை லிட்டர் இருந்த காலத்தில் உன் வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். முந்நூறு வாங்கியபோது நீயும் அண்ணியும். எண்பது மில்லியில் இரண்டாவது ஆளுக்குக் காணாது. அது வந்த அன்றே அண்ணிக்கு விஷயம் புரிந்திருக்கும், கிளம்பத்தான் மூன்று வருடம் ஆனது. அவள் எனக்கு எழுதுகிறாள், உனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் பெரிய மக் நிறையக் குடிக்கிறாளாம். "யாரும் வாயைப் பார்க்கறதில்ல, நிம்மதியா இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

உனக்குக் கூட ஆள் இல்லாததால் கெண்டி சிறுத்தது. அதற்கு ரசனை என்று பேர் வைத்துப் பேசப் போகிறாய்.

மூன்று பெரிய கெண்டிகளையும் அனுப்பிவிட்டேன். சின்னதைக் கேட்டு இனி எழுதாதே.

தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

நேற்று வரிசை முழுமையாகிவிட்டது. சொல்லாமல் இருப்பது முறை இல்லை என்று எழுதுகிறேன்.

என் கடைக்கு வரும் பல் டாக்டர் ஒருவர், மரியாதையான பெண்மணி, வேலையாக உங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொன்னேன். நீ வேலையில் இருக்கும் நேரம் என்று நீயே எழுதியிருந்தாய். என் பொருளை என் ஆள் வந்து வாங்கிக்கொள்வதில் திருட்டு எதுவும் இல்லை. அக்கா முதலில் தயங்கினாளாம். "தங்கச்சிக்கும் தெரியும்" என்று டாக்டரைச் சொல்லச் சொல்லியிருந்தேன். அது மட்டும் பொய். ஒத்துக்கொள்கிறேன். நீ கத்துவாய் என்று ஆறாம் தேதியிலிருந்து போனையும் அணைத்து வைத்திருந்தேன்.

பதினொரு தடவை வெந்நீரில் அலசினேன். பால் வாடை போகவில்லை. பரவாயில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் வாடை யாருக்கும் தெரியாது. நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். ஒன்றரை லிட்டரிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தச் சிவப்புக் கெண்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஒரு பெரியவர் கண் கலங்கினார்.

நீயும் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று காலை ஆஸ்பத்திரிக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆறாம் தேதி உன் டாக்டர் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு மசித்ததுதான், அதில் சிக்கல் இல்லை. நாலு மணிக்கு அப்பா டீ கேட்டார். அக்கா பிளாஸ்டிக் கப்பில் கொண்டுபோனாள். திருப்பிக்கொண்டார். மறுபடியும் கேட்டார். முக்கால் மணி நேரம் இப்படியே போயிருக்கிறது. அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா மனசு கேட்காமல், டம்ளரில் பாதி ஊற்றித் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். "ரெண்டு வாய் நல்லாத்தாம்மா குடிச்சாரு. மூணாவது வாயில பிடிச்சுக்கிச்சு" என்றாள். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை. கெண்டியைக் கேட்டு ஆள் வந்ததே எனக்குத் தெரியாது என்பதுகூட அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் போனபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. டீ நுரையீரலுக்குப் போய்விட்டது. இப்போது காய்ச்சல், ஆக்சிஜன், மூக்கில் குழாய். வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

உனக்கு முப்பத்தொரு தடவை போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாய். காரணம் இன்றைக்கு உன் கடிதத்தில் இருக்கிறது.

வருவதென்றால் வா.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது முதல் போன் செய்கிறேன், இப்போது நீ எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நிலைமை மோசமாகவில்லை என்றார்கள்.

எனக்குத் தெரிந்த மூத்த டாக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். இந்த வியாதியில் இது என்றைக்கு வேண்டுமானாலும் நடக்கும், பாத்திரம் எதுவாக இருந்தாலும் நடக்கும் என்கிறார். உன் மனசு ஆறுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த அக்காவுக்குப் பயிற்சி போதாது என்பது என் எண்ணம்.

கெண்டி வரிசையைக் கண்காட்சியாக இருபதாம் தேதி வரை நீட்டித்திருக்கிறார்கள். தினமும் ஆள் வருகிறது, நான் இல்லாமல் நடக்காது. இருபத்தொன்றாம் தேதி காலையில் அங்கே இருப்பேன். கெண்டியைக் கண்ணாடியிலிருந்து எடுத்து இன்றைக்கே கூரியரில் அனுப்பிவிட்டேன். வரிசையில் இப்போது கடைசி இடம் காலி. அப்பா வீட்டுக்கு வந்ததும் அதிலேயே கொடு. பாலோ பவுடரோ, உன் இஷ்டம்.

அண்ணன்


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

அப்பா போய்விட்டார் என்று மார்ச் பதினேழாம் தேதி மாலை பக்கத்து வீட்டுக்காரர்தான் போனில் சொன்னார். நீ சொல்லவில்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடியும் நேரம். கூரியர் பெட்டி பிரிக்காமல் செருப்பு அலமாரி மேல் இருந்ததைப் பார்த்தேன். நீ என்னிடம் பேசிய ஒரே வார்த்தை "தள்ளிக்கோ". நான் வாசற்கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தேன்.

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன், அப்பா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று. "அன்னைக்கு மத்தியானம் உங்களைப் பத்தித்தான் பேசினாருன்னு தங்கச்சி சொல்லிச்சு. என்னன்னு சொல்லல" என்றாள். அன்றிலிருந்து அந்த ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

கடையைத் திறக்கிறேன், வருகிறவர்களுக்கு வடித்துக் கொடுக்கிறேன். என்னால் குடிக்க முடியவில்லை. சின்னக் கோப்பையை எடுத்தால் மூன்று மடக்கில் ஒன்று மேசையில் சிந்திவிடுகிறது. இப்போது சமையலறையில் நின்றுகொண்டு பெரிய மக்கில் குடிக்கிறேன். வருடக்கணக்கில் குடித்தவர்கள் சிலர் கடைசியில் பெரிய கெண்டிக்கே திரும்பிவிடுவார்கள். அலுப்பு என்று அவர்களைப் பற்றிக் கிண்டலாகப் பேச்சில் ஒரு வரி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என்ன சொன்னார்?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

சொன்னார். உன்னைப் பற்றித்தான். என்ன என்று சொல்ல மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

அவர் என்னைச் சபித்திருந்தால் அதைச் சொல். பெத்த பிள்ளையே இல்லை என்று சொல்லியிருந்தால் அதைச் சொல். எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ராத்திரி பகல் ஒவ்வொரு வார்த்தையாக அவர் வாயில் போட்டுப் பார்க்கிறேன். எல்லாமே அவர் சொல்லக்கூடியதாகத்தான் இருக்கிறது.

டாக்டரை அனுப்பியது நான்தான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். வரவேண்டிய நேரத்தில் கண்காட்சியில் நின்றிருந்தேன். நீ இன்னும் என்ன எழுதச் சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

நீ எப்போதும் இப்படிக் கொடுமைக்காரி இல்லை.

அண்ணன்


மே 2

அண்ணனுக்கு,

நான் கொடுமைக்காரிதான். படித்தால் உனக்கே தெரியும்.

பதினேழாம் தேதி மத்தியானம் மூன்று மணி இருக்கும். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்ததால், நர்ஸ் கொடுத்த ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வந்துட்டியாடா பெரியவனே" என்றார்.

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். "நான்தாம்பா" என்றேன்.

"உன் கெண்டி எங்கேடா?" என்றார். "அதுல ஊத்து. நீ ஊத்தினாத்தான் எனக்கு இறங்குது. இவங்க வேற எதையெதையோ கொண்டாந்து வாயில திணிக்கிறாங்க. நீ வந்ததிலிருந்துதான் நான் ஒழுங்கா டீ குடிக்கிறேன்."

எவ்வளவு நாளாக நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா தினமும் வர்றியே" என்றார். "சின்னதுதான் எட்டிக்கூடப் பார்க்கறதில்ல. அவளுக்கு வேலை முக்கியம்."

பிறகு அக்காவிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னையும் அப்படித்தாம்மா கூப்பிடுவாரு. கெண்டியைக் கையில எடுத்தா போதும், பெரியவன்தான். உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல." எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதே. என்னிடம் டீ குடிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ருசியில் மூடுகிறார் என்று நினைத்தேன்.

அஞ்சு மில்லி, பத்து மில்லி, மூக்கின் வளைவு என்று நான் கற்றதெல்லாம் ஒன்றுமில்லை. உன் மேடைப் பேச்சும் ஒன்றுமில்லை. அது உன்னுடைய கெண்டி, அதனால் குடித்தார்.

அந்த நேரத்தில் "ஆமாம்பா, பெரியவன்தான் வந்திருக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. நான் சொல்லவில்லை. அவர் காதருகில் குனிந்து, "பெரியவன் வரவே இல்லப்பா. ஆறு வருஷமா வரல. உங்களுக்கு டீ கொடுக்கற கெண்டின்னு தெரிஞ்சும், ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதனாலதான் நீங்க இங்க படுத்திருக்கீங்க" என்றேன். காது மந்தம் என்பதால் இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா முகத்தில் அது விழுவதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகவே சொன்னேன்.

விழவில்லை. "அவன் பொருள்தானே. எடுத்துக்கட்டும்" என்றார். "அன்னைக்கு நானும் அவன் கப்பையெல்லாம் கவுத்து கேலி பண்ணியிருக்கக் கூடாது. அவனைத் திட்டாதீங்க."

ஆமாம், "திட்டாதீங்க". அப்புறம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க யாரும்மா? நர்ஸா?"

"ஆமா" என்றேன். பஞ்சை மறுபடியும் நனைத்து உதட்டைத் துடைத்தேன். "நல்லா இருங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நாலரைக்கு உண்மையான நர்ஸ் வந்து பார்த்தாள்.

இவ்வளவுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன்னைச் சபிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது, இனி உன்னால் தூங்க முடியும். ஒன்றரை மாதம் இதை உனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இனி எழுதாதே.

தங்கை